மழையை யாரும் விரட்டவில்லை

கோர்னி யாசென்,
ஜூலை 12, ஞாயிறு காலை.

அன்பு மகன் வேல்கோவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், அதனால் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் அங்கே பெர்கனில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, கேட்டுத் தெரிந்துகொள்ள நீ போனை எடுத்தால்தானே. மூன்று வாரமாக மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. வேலை அதிகம், அப்புறம் பேசுகிறேன் என்று இரண்டு தடவை ஒரு வரி அனுப்பினாய், அவ்வளவுதான். ஆறு வயதில் பள்ளிக்கூட ஜன்னலை உடைத்துவிட்டு வைக்கோல் போருக்குள் போய் ஒளிந்துகொண்டாயே, முப்பத்தொரு வயதிலும் அதே பிள்ளையாகத்தான் இருக்கிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். போனை நீ அணைத்து வைக்கலாம், தபால்காரரை என்ன செய்வாய் பார்க்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. செம்பி கன்று போட்டிருக்கிறாள், நெற்றியில் வெள்ளை, கிடேரி. உன் அறையின் கூரையில் பதினொரு ஓடு உடைந்தது, அப்பா மாற்றிவிட்டார், ஏறாதே என்று நான் கத்தியதுதான் மிச்சம். பிளம் மரங்களில் காய் பாதி உதிர்ந்துவிட்டது, மீதி தேறும், சாராயத்துக்குப் பஞ்சம் வராது. அப்பாவின் இருமலுக்கு நகரத்துக்குப் போய் நெஞ்சுப் படம் எடுத்தாயிற்று, அதை ஒழுங்காகப் பின்னால் சொல்கிறேன், பயப்படும்படி ஒன்றுமில்லை. இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லவிடு. உனக்கு ஊரிலிருந்து யார் யாரோ என்னென்னவோ எழுதினார்கள் என்று தெரியும். ஜூன் பதினெட்டாம் தேதி நடந்ததை நீ அவர்கள் வாயால் கேட்டாய், இப்போது என் வாயால் கேள்.

மே மாதம் நீ எனக்கு அந்த வீடியோவை அனுப்பினாய். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆலங்கட்டியை உடைக்க மேகத்துக்குள் விடும் ராக்கெட்டுகளால்தான் மழை ஓடிப்போகிறது, அதிலிருக்கும் வெள்ளி மருந்து சுடுகிறவர்களின் நுரையீரலை அரிக்கிறது, அரசாங்கம் மறைக்கிறது என்று பேசினாரே, அதுதான். கீழே நீ எழுதியிருந்தாய், அம்மா, அப்பாவின் இருமல் இதனால்தானோ என்று பயமாக இருக்கிறது, அவரிடம் பக்குவமாகப் பேசு என்று. அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இருபத்திரண்டு வருடமாக ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, வானம் கறுத்தால் போட்டது போட்டபடி மலைமேல் இருக்கிற அந்த மரக்கொட்டகைக்கு ஓடி, ரேடார் நிலையத்திலிருந்து உத்தரவு வந்ததும் ராக்கெட் விடுகிற மிலிசாவ் என்கிற மனிதருக்கு நான் பெண்டாட்டி. இடிக்குப் பயந்திருக்கிறேன், மின்னலுக்குப் பயந்திருக்கிறேன். நுரையீரலுக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பனிக்காலத்திலிருந்து அவர் இருமிக்கொண்டிருந்தார், வீடியோக்காரர் சொல்லச் சொல்ல அவருடைய ஒவ்வொரு இருமலையும் எண்ண ஆரம்பித்தேன்.

ஒன்று தெரிந்துகொள் வேல்கோ. நீ அதை எனக்கு மட்டும்தான் அனுப்பினாய். ஊருக்கு அனுப்பியது நான். உன் ஞானத்தகப்பன் ஜிவானின் மனைவி ருஜாவுக்கு அனுப்பினேன், அவள் ஜிவானுக்குக் காட்டினாள், ஜிவான் கடைத்தெருவில் காட்டினார், மறுநாள் காப்பி நேரத்துக்குள் கோர்னி யாசெனில் பார்க்காத ஆள் இல்லை. மே மாதம் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை, ராஸ்பெர்ரித் தோட்டங்கள் காய்ந்து நின்றன, யார் மேலாவது கோபப்படாமல் மனிதர்களால் எப்படி இருக்க முடியும். மிலிசாவின் சொந்த மகனே அனுப்பியிருக்கிறான், நார்வேயில் இருக்கிற பையன், அவனுக்குத் தெரியாதா என்று அதற்கு ஒரு வாலும் ஒட்டிக்கொண்டது. வாலை ஒட்டியதும் நீ அல்ல. உன்னைத் திட்டி எழுதியவர்கள் எல்லோரும் என்னைத்தான் திட்டியிருக்க வேண்டும்.

அப்பா ஒன்றும் கோபப்படவில்லை. கடையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டபோது அவர் சிரித்துக்கொண்டே, "ஏம்ப்பா, எல்லைக்கு அந்தப் பக்கம் ராக்கெட்டே கிடையாது, அங்கயும்தான் சோளம் காயுது. அந்த மழைய யாரு விரட்டினா, நானா? அவ்வளவு தூரம் விரட்டுற ஆளுன்னா எனக்குச் சம்பளம் பத்தாதே" என்றாராம். ஜிவான் விடவில்லை. "நீ சுட்டா மேகம் கலையுது, நான் கண்ணால பாத்தேன்டா" என்றார். அப்பா, "மேகம் கலையும் நேரத்துல நான் சுடுறேன், கோழி கூவும் நேரத்துல நீ எந்திரிக்கிற. கோழிய நீயா எழுப்புற?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், ஜிவான் சிரிக்கவில்லை. ஜூன் பதினைந்தாம் தேதி காலை தன் டிராக்டரைக் கொண்டுபோய் மலைமேல் கொட்டகை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு, இந்த வருடம் ஒரு ராக்கெட்கூட மேலே போகாது என்று உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள் ருஜா அங்கேயே சாப்பாடு கொண்டுபோனாள். அப்பாவும் தினமும் போய் அவரோடு உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டில் பாதியைத் தின்றுவிட்டு வந்தார், அதுதான் உன் அப்பா.

பதினெட்டாம் தேதி வியாழன். மதியம் இரண்டு மணிக்கு மேற்கே மேகம் எழும்பியது. கட்டி விழாமலிருக்க நான் வழக்கம்போல முற்றத்தில் கோடரியை வாய் மேலாக நட்டுவைத்து, முக்காலியைக் கவிழ்த்துவைத்தேன். வருடா வருடம் இதைப் பார்த்து அப்பா கேலி செய்வார், "உன் கோடரியும் என் ராக்கெட்டும் சேந்துதான் ஊரக் காப்பாத்துது, எதுக்கு எவ்வளவு பங்குன்னு மேல இருக்கிறவருக்குத்தான் தெரியும்" என்பார். அன்றைக்குக் கேலி செய்ய நேரமில்லை, கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். ராக்கெட் பெட்டகத்தின் சாவி எப்போதும் அந்தக் கோட்டின் உள்பையில் இருக்கும். அன்றைக்கு இல்லை. காலையிலேயே எடுத்து மாவு டப்பாவுக்குள் புதைத்துவைத்தவள் நான். ஒரு நாள் சுடாமல் இருந்தால் ஒரு நாள் அந்த விஷத்தை மூச்சில் இழுக்காமல் இருப்பார் என்று நினைத்தேன், எப்படியும் டிராக்டர் வழியை மறித்து நிற்கிறது, சாவி இருந்தென்ன இல்லாவிட்டால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்த மேகம் சாதாரண மேகம் இல்லை. அடிவயிறு பச்சையாக இருந்தது, உள்ளே கல் உருட்டுவது போல விடாமல் ஒரு சத்தம். வாசலில் நின்று ராக்கெட் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஜிவானின் டிராக்டர் முடுக்குகிற சத்தம்தான் வந்தது, அது நகர்ந்து ஒதுங்குகிற சத்தமும் தெளிவாகக் கேட்டது. பயந்துபோய் அவரே வழி விட்டிருக்கிறார், "சுடுடா மிலிசாவ், சுட்டுத் தொலைடா" என்று கத்தியதாக அப்புறம் சொன்னார்கள். அதற்குப் பிறகும் ராக்கெட் போகவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. டப்பாவைக் கவிழ்த்தேன், சாவியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாதையில் ஓடினேன். பாதி வழியில் கட்டி விழ ஆரம்பித்துவிட்டது, வாதுமைக்கொட்டை அளவு, அப்புறம் முட்டை அளவு. தலைமேல் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். கொட்டகைக்குள் நுழைந்தபோது அப்பாவும் ஜிவானும் இன்னும் நான்கு பேரும் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். விழ ஆரம்பித்த பிறகு சுட்டுப் பிரயோசனம் இல்லை என்று அப்பா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். நான் சாவியை நீட்டினேன். அதில் மாவு ஒட்டியிருந்தது. அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோட்டிலேயே துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பி எல்லோரிடமும், "மறந்து வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்ப்பா, வயசாச்சு" என்றார்.

பன்னிரண்டு நிமிடம். பறிப்புக்கு இரண்டு நாள் இருந்தது. நம் தோட்டத்தில் குச்சி மட்டும் மிச்சம், ஜிவான் தோட்டத்தில் அதுவும் இல்லை. மறுநாள் ஊர் தன் கோபத்தை மறுபடியும் பங்கு பிரித்துக்கொண்டது. பாதி பேர் டிராக்டரை நிறுத்திய ஜிவானைத் திட்டினார்கள், பாதி பேர் சாவியை மறந்த கிழவனைத் திட்டினார்கள். ராக்கெட் மழையை விரட்டுகிறது என்று புதன்கிழமை சொன்ன அதே வாய்கள்தான், வெள்ளிக்கிழமை ராக்கெட் போகாததால் நாசமானோம் என்றன. எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? பாராட்டு. கட்டி மழையில் சாவியைக் கொண்டு ஓடிய தெசான்கா, சிங்கம் போன்ற பெண்பிள்ளை என்று வீடு தேடி வந்து சீஸ் அடை கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த அடையை என்னால் விழுங்க முடியவில்லை, கோழிக்குப் போட்டேன். வீட்டில் அப்பா சாவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். டப்பாவில் புது மாவைக் கொட்டி வைத்துவிட்டு இருமிக்கொண்டே தொழுவத்துக்குப் போய்விட்டார்.

ஜூலை நாலாம் தேதி, சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் கூட்டம். அப்பாவை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும், ஞாபகமறதிக்காரன் கையில் ஊரைக் கொடுக்க முடியாது என்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள், விசாரிக்க ரேடார் நிலையத்திலிருந்து தாமாரா என்று ஒரு பெண் வந்திருந்தாள், உன்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். அப்பா எழுந்து, ஆமாம், மறந்தது நான்தான், எடுத்துவிடுங்கள் என்றார். எனக்காகத் தவிர வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாத மனிதர், பொய் சொல்லும்போது காது சிவக்கிறது என்று நாற்பது வருடம் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். "சாவிய ஒளிச்சது நான். அந்த வீடியோவ ஊருக்கு அனுப்பினதும் நான். இவரு எதையும் மறக்கல, என் பிறந்தநாளத் தவிர" என்றேன். ருஜா வாயில் கை வைத்துக்கொண்டாள். இன்னொன்றையும் சொல்லிவிட்டேன், சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும் இல்லையா. அந்த வெள்ளைக் கோட்டு மனிதர் வீடியோவின் கடைசியில் நுரையீரலில் சேர்ந்த வெள்ளியைக் கழுவுகிற சொட்டு மருந்து விற்கிறார், நீ அதுவரை பார்த்தாயோ என்னவோ. நான் பார்த்தேன், இரண்டு புட்டி வரவழைத்தேன், பதினைந்து நாள் அப்பாவின் சூப்பில் கலந்து கொடுத்தேன். அதற்கு மட்டும் அப்பா வாயைத் திறந்தார், "அதான் சூப்பு அப்படி இருந்துச்சா" என்று.

சிரிப்பு அடங்கியதும் ஜிவான் எழுந்தார், முகம் வெளிறிப்போயிருந்தது. இரண்டு வாரமாக வீட்டைவிட்டு வெளியே வராத ஆள். தாமாராவைப் பார்த்து, "சாவி இருந்து, டிராக்டர் இல்லாம இருந்து, இவன் சுட்டிருந்தா என் தோட்டம் பொழச்சிருக்குமா? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லும்மா" என்றார். என் பாவத்தின் எடை அந்தப் பதிலில்தான் இருந்தது. அந்தப் பெண் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். "தெரியாதுங்க ஐயா. மழைய விரட்டாதுங்கிறத உறுதியா சொல்லுவேன். ஆனா அந்த ஒரு மேகத்துல கட்டி கொறஞ்சிருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது. மொத்தத்துல எவ்வளவு உதவுதுன்னு படிச்சவங்களுக்குள்ளயே இன்னும் விவாதம் இருக்கு. அதுக்காகத்தான் அளந்துக்கிட்டே இருக்கோம்" என்றாள். பின்னாலிருந்து யாரோ, பார்த்தாயா, இவர்களுக்கே தெரியாதாம் என்று கத்தினார்கள். அப்போது அப்பா எழுந்தார். "தெரியாதுன்னு நம்ம முகத்தப் பாத்துச் சொன்னா இந்தப் பொண்ணு. எல்லாம் தெரியும்னு சொன்னவன் யாரு, எந்த ஊரு, அவன் தோட்டம் எங்க இருக்கு, உங்கள்ல யாருக்காவது தெரியுமா? நானும் இருபத்திரண்டு வருஷமா சுடுறேன், ஒவ்வொரு தடவையும் உதவிச்சான்னு கேட்டா எனக்கும் தெரியாது. உதவலாம்னு தோணுது, அதான் ஓடுறேன்" என்றார். சுட்டிருந்தால் தோட்டம் பிழைத்திருக்கும் என்று தனக்குச் சாதகமாக ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கு ஊரே அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கும், ஜிவானும் நானும் காலத்துக்கும் தலைகுனிந்து நடந்திருப்போம். அவர் எங்கள் இருவரையும் அந்தப் பழியிலிருந்து விடுவித்துவிட்டார்.

முடிவு இதுதான், அக்டோபர் வரை அப்பாவே இருப்பார், ஆனால் கூட ஓர் ஆள் வேண்டும், சாவி இரண்டு. யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது ஜிவான் கையைத் தூக்கினார். "நான் இன்னும் நம்பல. பக்கத்துலயே உக்காந்து, எப்ப சுட்டான், எப்ப மழ பெஞ்சுது, எல்லாத்தையும் எழுதி வெச்சு இவன் மூஞ்சில விட்டெறியிறேன்" என்றார். அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, "இதத்தானடா இத்தன வருஷமா கேட்டேன்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். இப்போது இரண்டு கிழவர்களும் மலைமேல் சண்டை போட்டுக்கொண்டு நோட்டுப்புத்தகத்தில் எழுதுகிறார்கள். நெஞ்சுப் படத்தில் வெள்ளியும் இல்லை தங்கமும் இல்லை, தொழுவத்து வைக்கோல் தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம், மருத்துவர் உள்ளிழுக்க ஒரு மருந்து கொடுத்திருக்கிறார், இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. நீ பயந்தது வீணான பயம் என்று சொல்லமாட்டேன், அந்தப் பயத்தால்தான் அவரை நான் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன், சொட்டு மருந்து வாங்குவதற்கு முன்னால் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கூட்டம் முடிந்து இரண்டு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை காப்பி குடிக்கும்போது, வேல்கோவுக்குக் கூப்பிட்டாயா என்று கேட்டார். எடுக்கவில்லை என்றேன். ஊரே தன்னைக் காறித் துப்புகிறது என்று நினைக்கிறானோ என்னவோ, அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கூசுகிறான் போலிருக்கிறது என்றேன். வீடியோவுக்குக் கீழே நீ எழுதிய அந்த வரியைக் காட்டினேன், வாங்கிப் படித்தார். அப்புறம் சொன்னார், சொன்னபடியே எழுதுகிறேன்: "அந்த மலைல இருபத்திரண்டு வருஷம் நின்னிருக்கேன். என் தோட்டத்த விட்டுடாத, என் தோட்டத்த விட்டுடாதன்னு ஊரே போன் பண்ணும். மிலிசாவ், உனக்கு ஒன்னும் ஆகலையேன்னு ஒருத்தன் கேட்டதில்ல. அவன் ஒருத்தன்தான் கேட்டான். அனுப்புன வீடியோ பொய்யா இருக்கலாம், அவன் கேட்டது பொய்யா?" சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவ எழுந்துபோனார், கழுவுகிற வேலை என்றைக்கும் அவர் செய்ததில்லை.

போதும், கை வலிக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, ஈரச் சட்டையோடு நிற்காதே, யாராவது ஏதாவது அனுப்பினால் கடைசி வரை பார், கடைசியில் எதையாவது விற்கிறார்களா என்று பார், அம்மாவிடமிருந்து வந்தாலும் பார். நம் வீட்டுப் புனிதர் நிக்கோலா உன்னைத் தண்ணீரிலும் காற்றிலும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா வாசலில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கேட்டால் வானிலை பார்க்கிறேன் என்பார். எந்த ஊர் வானிலை என்று எட்டிப் பார்த்தேன், பெர்கன். என்னைக் கூப்பிட வேண்டாம், அவரைக் கூப்பிடு.

என்றும் உன் நலத்தை வேண்டும்,
தப்பைச் செய்து, செய்ததை ஒப்புக்கொண்டு, இன்னும் உயிரோடு நடமாடும்
உன் அம்மா தெசான்கா.